பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஏன் வேலைக்கும் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைத் தொழிலாளர் என்றதும் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு பிள்ளைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. நான் பாடம் எடுத்த வருடங்களில் பார்த்தது பெரும்பாலும் அப்படி இல்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும், வாரத்தில் மூன்று நாளோ நான்கு நாளோ பிள்ளையும் வரும், ஆனால் இரண்டாவது மணி அடிப்பதற்குள் கண் சொருகிவிடும். விசாரித்தால் விடியற்காலையிலேயே எழுந்து வேலை பார்த்துவிட்டு வந்திருக்கும். இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள், உதவி செய்ய நினைக்கிறவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

வீட்டில் கொஞ்சம் கைவேலை செய்தாலே அது குழந்தைத் தொழிலா?

இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, படுக்கையை மடிப்பது, லீவு நாளில் அப்பாவுடன் போய்க் கூடமாட ஒத்தாசை செய்வது, இதையெல்லாம் யாரும் குழந்தைத் தொழில் என்று சொல்வதில்லை. பிள்ளையின் வயது, எத்தனை மணி நேரம், என்ன மாதிரி வேலை என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1973-ல் கொண்டு வந்த 138-வது உடன்படிக்கை, வேலைக்குச் சேர 15 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. பொருளாதாரமும் கல்வி வசதியும் இன்னும் வளராத நாடுகள் 14 என்று வைத்துக்கொள்ளலாம். உடம்புக்கும் படிப்புக்கும் கெடுதல் இல்லாத லேசான வேலையை 13 வயதில் (அப்படிப்பட்ட நாடுகளில் 12-ல்) அனுமதிக்கலாம். ஆபத்தான வேலை என்றால் 18.

கணக்கெடுப்பில் இன்னும் கறாராகப் பார்க்கிறார்கள். 5 முதல் 11 வயதுப் பிள்ளை வயலிலோ கடையிலோ பட்டறையிலோ வாரத்துக்கு 1 மணி நேரம் உழைத்தாலே குழந்தைத் தொழிலாகக் கணக்கு வைக்கிறார்கள், 12 முதல் 14 வரை 14 மணி நேரம். எதற்கு இவ்வளவு கறார் என்று ஆரம்பத்தில் எனக்கும் தோன்றியது. ஏழு வயதுப் பிள்ளையின் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே நின்றதை நான் பார்த்ததில்லை, அதனால் இப்போது அப்படித் தோன்றுவதில்லை.

மொத்தம் எத்தனை பிள்ளைகள்?

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து போட்ட மதிப்பீட்டின்படி 2024-ல் உலகம் முழுவதும் சுமார் 13.8 கோடிப் பேர், அதில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில். 2020-ல் இது 16 கோடியாகவும், 2000-ல் கிட்டத்தட்ட 24.6 கோடியாகவும் இருந்தது. குறைந்துகொண்டு வருகிறது என்பது உண்மை. ஆனால் 2025-க்குள் அடியோடு ஒழிப்பதாக ஐக்கிய நாடுகள் சபையில் எல்லா நாடுகளும் சேர்ந்து எடுத்த உறுதி நிறைவேறவில்லை என்பதும் உண்மை. என்னை உறுத்துவது இன்னொரு விஷயம். இந்த 13.8 கோடியில் பாதிக்கு மேல் 5 முதல் 11 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள், அதாவது எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வயதில் இருக்கிறவர்கள்.

பள்ளிக்கூடத்தில் பெயர் இருந்தால் பிள்ளை வேலைக்குப் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

இப்படி நினைப்பதால்தான் பாதிப் பிள்ளைகள் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார்கள். 2020 மதிப்பீட்டில், வேலை செய்யும் 5-11 வயதுப் பிள்ளைகளில் பள்ளிக்கு வெளியே இருந்தவர்கள் 28 சதவீதம்தான். மற்றவர்கள் பள்ளிக்கும் போனார்கள், வேலையும் செய்தார்கள். 12-14 வயதில் பள்ளிக்கு வெளியே இருந்தவர்கள் 35 சதவீதம்.

வீட்டில் யாரும் ஒருநாள் உட்கார்ந்து பேசி "இனி இவன் பள்ளிக்கூடம் போக வேண்டாம்" என்று முடிவெடுப்பதில்லை. முதலில் காலையில் ஒரு மணி நேரம் வேலை, அதனால் பள்ளிக்கு வரத் தாமதம், திட்டு. அடுத்ததாக வேலை மும்முரமாக இருக்கும் வாரத்தில் இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளில் வகுத்தல் நடத்தி முடித்திருப்பார்கள். பிள்ளைக்கு வகுத்தல் தெரியாது, அடுத்து வரும் பின்னம் புரியாது, பரீட்சையில் மதிப்பெண் குறையும், அதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே "இதுக்குப் படிப்பு ஏறல" என்று சொல்லிவிடுவார்கள். கடைசியில் பள்ளியை விட்டு நின்றபோது எல்லாரும் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்றுதான் எழுதி வைப்பார்கள். காலை வேலை எந்தக் குறிப்பிலும் வராது.

வறுமைதானே காரணம்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வறுமை காரணம்தான். கௌஷிக் பாசுவும் ஃபாம் ஹோவாங் வானும் 1998-ல் எழுதிய பொருளாதாரக் கட்டுரை ஒன்று இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. பெரியவர்களின் சம்பாத்தியத்தில் குடும்பம் ஓடும் என்றால் பெற்றோர் பிள்ளையை வேலைக்கு அனுப்ப மாட்டார்கள், சம்பாத்தியம் ஒரு மட்டத்துக்குக் கீழே போகும்போதுதான் அனுப்புகிறார்கள் என்பது அதன் அடிப்படை. அனுபவத்தில் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

ஆனால் வறுமை என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் முக்கியமான ஒன்று விட்டுப்போகும். ஒரே தெருவில், ஒரே அளவு வருமானத்தில் இரண்டு குடும்பங்கள் இருக்கும். ஒரு வீட்டுப் பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வரும், இன்னொரு வீட்டுப் பிள்ளை மார்கழிக்கு வரும், தைக்கு வராது. வருமானம் ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? விசாரித்துப் பார்த்தால் அநேகமாக ஒரு கெட்ட மாதம் தெரியவரும். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, பயிர் போய்விட்டது, வேலை செய்த இடத்தை மூடிவிட்டார்கள், வீட்டில் ஒரு சாவு. அந்த மாதத்தைத் தாண்ட கையிருப்பு இல்லை, காப்பீடு இல்லை, நியாயமான வட்டிக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. மிச்சம் இருப்பது பிள்ளையின் இரண்டு கைகள்தான். பணக்காரர்களுக்குக் காப்பீடு செய்யும் வேலையை ஏழை வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை செய்கிறது. எனக்குத் தெரிந்த வரையில் இதைவிடச் சுருக்கமாகக் காரணத்தைச் சொல்ல முடியாது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. தான்சானியாவின் ககேரா பகுதியில் 1990-களின் ஆரம்பத்தில் ஒரே குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து எடுத்த கணக்கை ஆராய்ந்தவர்கள், பயிர் சேதமான குடும்பங்களில் பிள்ளைகள் வேலை செய்யும் நேரம் கூடியதையும், சொத்து கொஞ்சம் இருந்த குடும்பங்களில் அந்தக் கூடுதல் குறைவாக இருந்ததையும் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவைப் பற்றிய இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடவும் அழுத்தமாகப் படுகிறது. அங்கே அரசு முதியோர் பென்ஷன் தருகிறது. வீட்டிலிருக்கும் பெரியவருக்கு எந்த வயதில் பென்ஷன் வரும் என்பது குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரியும். இருந்தும், பென்ஷன் கைக்கு வந்த பிறகுதான் பிள்ளைகளின் வேலை குறைந்து படிப்பு கூடியிருக்கிறது. அடுத்த வருடம் பணம் நிச்சயம் வரும் என்று தெரிந்தும், அதை நம்பி இந்த வருடம் கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்க வழியில்லை. பணம் குறைவு என்பது ஒரு பக்கம், தேவைப்படும் நேரத்தில் பணம் கிடைக்காதது இன்னொரு பக்கம். இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கடன் எப்படிப் பிள்ளைகளை வேலைக்கு இழுக்கிறது?

இரண்டு வழிகளில். ஒன்று முன்பணம். கெட்ட மாதத்தில் யாரும் தராத பணத்தை வேலை கொடுப்பவர் தருகிறார், பதிலுக்கு உழைத்துக் கழிக்க வேண்டும். கணக்குப் புத்தகம் அவர் கையில். வட்டி ஏறும், அசல் குறையாது, அடுத்த தேவைக்கு மறுபடியும் அவரிடமே போய் நிற்க வேண்டும், கடைசியில் அப்பாவின் கடனுக்குப் பிள்ளையும் சேர்ந்து உழைக்கும். இதற்குப் பெயர் கொத்தடிமை முறை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1999-ல் கொண்டு வந்த 182-வது உடன்படிக்கை மிக மோசமான குழந்தைத் தொழில் வகைகள் என்று சொல்பவற்றில் இதுவும் ஒன்று.

இன்னொன்று அவ்வளவாகக் கண்ணில் படாது. எண்ணிக்கைக்குக் கூலி, அதாவது பீஸ் ரேட். இத்தனை செங்கல், இத்தனை கட்டு, இத்தனை கிலோ என்று முடித்துக் கொடுத்தால்தான் காசு என்ற ஏற்பாட்டில், கூலி வாங்குவது அப்பா ஒருவர்தான். ஆனால் ஒருவர் கைக்கு ஆகாத எண்ணிக்கையை நிர்ணயித்திருப்பதால் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து வேலை செய்யும். பதிவில் பிள்ளையின் பெயர் எங்கும் இருக்காது. கேட்டால் "நாங்கள் சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதே இல்லை" என்று வேலை கொடுப்பவர் மனசாட்சி உறுத்தாமல் சொல்லிவிடலாம்.

நிலமும் கடையும் வைத்திருக்கும் வீடுகளிலும் பிள்ளைகள் வேலை செய்கிறார்களே, அது எப்படி?

நல்ல கேள்வி. வறுமைதான் எல்லாமே என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். பாகிஸ்தானிலும் கானாவிலும் கிராமப்புறக் குடும்பங்களைப் பற்றி 2003-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நிலம் அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், நிலமற்ற வீட்டுப் பிள்ளைகளைவிட அதிகமாக வேலை செய்வதைக் காட்டியது. காரணம் எளிது. நிலம் இருந்தால் வேலையும் இருக்கும். கூலிக்கு ஆள் கிடைக்காத, அல்லது கிடைத்தாலும் நம்பி விட முடியாத இடத்தில் சொந்தப் பிள்ளைதான் ஆள்.

நாம் மனதில் வைத்திருக்கும் படத்துக்கும் நிஜத்துக்கும் இங்கேதான் பெரிய இடைவெளி. தொழிற்சாலையில் முகம் தெரியாத முதலாளியிடம் வேலை செய்யும் பிள்ளையைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். 2020 கணக்கின்படி, வேலை செய்யும் பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் சொந்தக் குடும்பத்தின் நிலத்திலோ தொழிலிலோதான் உழைத்தார்கள். 5-11 வயதில் இது 83 சதவீதம். 2024-லும் 61 சதவீதம் பேர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். அம்மா அப்பா பக்கத்திலேயே இருப்பதால் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பூச்சிமருந்துக்கும் கதிர் அரிவாளுக்கும் சுமக்கிற மூட்டைக்கும் அந்த வயலின் சொந்தக்காரர் யார் என்பது தெரியாது.

இதையொட்டி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்குத் தொழில் தொடங்கக் கடன் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தொழில் வளரும்போது அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் மூத்த பிள்ளை. கடன் கொடுக்கும்போதே பிள்ளையின் படிப்பைப் பற்றியும் பேசாவிட்டால் நல்ல எண்ணத்தில் செய்தது நேர் எதிராகப் போய்விடலாம்.

அப்படியானால் பெற்றோர் பொறுப்பில்லாதவர்கள் என்றுதானே ஆகிறது?

இல்லை. தயவுசெய்து இந்த முடிவுக்கு வராதீர்கள். பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஓர் அம்மாவை நான் பார்த்ததில்லை. பிள்ளையை அடித்து உழைக்க வைத்து, வரும் காசைக் குடித்தே தீர்க்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவர்களை வைத்து எல்லாரையும் எடை போட்டால் பாசு சொன்ன விஷயமே தலைகீழாகிவிடும். வருமானம் கொஞ்சம் ஏறினாலே முதல் வேலையாகப் பிள்ளையைத்தான் வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். வியட்நாமில் 1990-களில் அரிசி ஏற்றுமதிக் கட்டுப்பாடு தளர்ந்து நெல் விலை ஏறியபோது விவசாயக் குடும்பங்களில் அதுதான் நடந்தது. தானியத்துக்கு நல்ல விலை கிடைத்தால் பிள்ளையை இன்னும் அதிகமாக வேலை வாங்குவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. நடந்தது அதற்கு நேர்மாறு.

பள்ளிக்கூடம் இலவசம்தானே, பிறகு ஏன் அனுப்பவில்லை?

கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றில்லை. சீருடை, செருப்பு, நோட்டு, போக்குவரத்து, பரீட்சைக் கட்டணம், "எல்லாரும் கொண்டு வரணும்" என்று கேட்கிற சின்னச் சின்னக் காசு. அதற்கு மேல், பள்ளியில் இருக்கும் நேரத்தில் பிள்ளை செய்திருக்கக்கூடிய வேலையின் மதிப்பையும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லாமலே கணக்குப் போடுவார்கள்.

கட்டணத்தை எடுத்தால் பலன் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். கென்யா 2003-ல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆனால் அவ்வளவு பேரும் உள்ளே வந்ததும் வகுப்பறைகள் நெரிந்தன. ஒரு ஆசிரியர் முன்னால் எண்பது பிள்ளைகள் உட்கார்ந்தால் அங்கே பாடம் நடக்காது, பிள்ளைகளை மேய்ப்பதுதான் நடக்கும்.

ஆசிரியர் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: பிள்ளைகளை வேலைக்குத் தள்ளுவதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு இருக்கிறது. மூன்று வருடம் வந்தும் ஒரு பத்தி வாசிக்கத் தெரியவில்லை என்றால், அந்த மூன்று வருடத்தையும் பெற்றோர் நஷ்டக் கணக்கில்தான் எழுதுவார்கள். அடி, கேலி, கழிப்பறை இல்லாமை, வீட்டில் பேசாத மொழியில் பாடம், இவை ஒவ்வொன்றும் ஒரு தள்ளு. பட்டறையில் பிள்ளை ஒரு வேலையைச் செய்து முடித்தால் "கெட்டிக்காரன்" என்று யாராவது தட்டிக்கொடுப்பார்கள். வகுப்பில் வருடம் முழுக்க உட்கார்ந்தாலும் அந்த வார்த்தை அதன் காதில் விழாது.

படித்தாலும் வேலை கிடைப்பதில்லை என்று பெற்றோர் சொல்வது சரியா?

பாதி சரி. சுற்றுவட்டாரத்தில் படித்துவிட்டுச் சும்மா இருக்கும் இளைஞர்களைப் பார்த்துத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். படித்து நல்ல வேலைக்குப் போனவர்கள் ஊரை விட்டே போய்விடுவதால் அவர்கள் கண்ணில் படுவதில்லை. டொமினிக்கன் குடியரசில் ராபர்ட் ஜென்சன் செய்த ஆய்வில் எட்டாம் வகுப்புப் பையன்கள் படிப்பால் கூடும் வருமானத்தை மிகக் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். உண்மையான கணக்கைச் சொன்னதும் அடுத்த நான்கு வருடங்களில் சராசரியாகக் கூடுதல் காலம் படித்தார்கள். ஆனால் மிக ஏழை வீட்டுப் பையன்களிடம் அந்தத் தகவல் பெரிய மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை. படிப்பின் அருமை தெரிந்தாலும் கையில் வழி வேண்டுமே. மேடை போட்டு "கல்வியே செல்வம்" என்று விழிப்புணர்வு நடத்துகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

பெண்பிள்ளைகள் குறைவாகத்தானே வேலை செய்கிறார்கள்?

கணக்கில் குறைவு. சமையல், தண்ணீர் சுமப்பது, விறகு பொறுக்குவது, தம்பி தங்கையைப் பார்ப்பது எல்லாம் வேலை என்று எண்ணப்படாததால் குறைவாகத் தெரிகிறது. வாரம் 21 மணி நேரத்துக்கு மேல் வீட்டு வேலை செய்கிற பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ஆண் பெண் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அம்மா வேலைக்குப் போக வேண்டும், கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை, அதனால் ஒன்பது வயது அக்கா வீட்டில் இருக்கிறாள். இதில் காசு கைமாறவில்லை, முதலாளி இல்லை, குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் எதுவும் மீறப்படவில்லை. படிப்பு மட்டும் போய்விட்டது. குழந்தைகள் காப்பகம் ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் அக்கா வகுப்பில் இருந்திருப்பாள். குழந்தைத் தொழிலை ஒழிப்பது பற்றிப் பேசும் கூட்டங்களில் காப்பகம் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

பணத்தைத் தாண்டிய சமூகக் காரணங்கள் என்னென்ன?

இடம்பெயர்வு முதலில். அறுவடைக்கோ கட்டட வேலைக்கோ குடும்பத்தோடு போகும்போது பள்ளி வருடத்தின் நடுவில் பிள்ளை எழுந்து போகிறது. போன இடத்தில் சேர்த்துக்கொள்ள மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள், பாட மொழி வேறாக இருக்கும், திரும்பி வந்தால் இங்கே பெயர் அடிபட்டிருக்கும். அகதிகளாக வந்தவர்களுக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் பல இடங்களில் பெரியவர்கள் வேலை செய்யவே அனுமதி இருக்காது. ஒளித்து வேலை வாங்கத் தோதாக இருப்பது பிள்ளைதான்.

அப்புறம் பாகுபாடு. எந்த நாட்டை எடுத்தாலும், கேவலமான வேலை என்று ஒதுக்கப்பட்டதை எந்தச் சமூகம் செய்கிறதோ அந்தச் சமூகத்துப் பிள்ளைகளைத்தான் வேலையில் அதிகமாகப் பார்க்கலாம். "அவங்க பிள்ளைங்க அப்படித்தான்" என்று சுற்றியிருப்பவர்கள் பழகிவிடுகிறார்கள். தன் பிள்ளைக்கு டியூஷன் தேடுகிற அதே ஆள், அதே வயதுப் பிள்ளை தன் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கிறார். கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது, அந்தப் பிள்ளையையும் தன் பிள்ளையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறப்புச் சான்றிதழ் இல்லாததும் சின்ன விஷயம் இல்லை. வயதை நிரூபிக்க முடியாத பிள்ளையைப் பள்ளியும் சேர்க்கத் தயங்கும், சட்டமும் காப்பாற்ற முடியாது.

பிஞ்சு விரல்களுக்குத்தான் சில வேலைகள் வரும் என்கிறார்களே?

பொய். 1990-களில் இந்தியக் கம்பள நெசவை சர்வதேச தொழிலாளர் அமைப்புக்காக ஆராய்ந்தவர்கள், நுணுக்கமான முடிச்சுகளைப் பெரியவர்களும் அதே அளவு திறமையாகப் போடுவதைக் கண்டார்கள். பிள்ளைகளை வைத்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. கூலி குறைவு, எதிர்த்துப் பேசாது, சங்கம் சேராது, அடித்தாலும் மறுநாள் வரும்.

சட்டம் போட்டுத் தடுத்தால் நிற்காதா?

சட்டம் வேண்டும். பிரிட்டனில் 1833-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் பெரும்பாலான நெசவாலைகளில் 9 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 9 முதல் 13 வரை வேலை நேரத்தைக் குறைத்து, தினமும் இரண்டு மணி நேரம் பள்ளிப் படிப்பு வேண்டும் என்றது. அதற்கு நாடு முழுவதற்கும் நான்கே நான்கு ஆய்வாளர்கள். பிறப்பைப் பதிவு செய்யும் முறையும் அப்போது இல்லை, மருத்துவர் ஆளைப் பார்த்துச் சொல்வதுதான் வயது. எழுதிய சட்டத்துக்கும் நடக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. 182-வது உடன்படிக்கையை 2020-ல் உறுப்பு நாடுகள் 187-ம் ஏற்று முடித்துவிட்டன. அப்படி எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்ற முதல் உடன்படிக்கை அதுதான். பெருமைப்பட வேண்டிய விஷயம், ஆனால் பிள்ளைகள் இன்னும் 13.8 கோடி.

தடை மட்டும் தனியாக வந்தால் சில சமயம் திருப்பி அடிக்கும். குழந்தைகளைச் சில தொழில்களில் வேலைக்கு வைப்பதைத் தடுத்த இந்தியாவின் 1986 சட்டத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், பிள்ளைகளின் கூலி குறைந்ததையும், அந்தக் குறைந்த கூலியை ஈடுகட்ட ஏழைக் குடும்பங்களில் பிள்ளைகளின் வேலை கூடியதையும் கண்டார்கள். வங்கதேசத்தில் 1990-களின் தொடக்கத்தில், பிள்ளைகள் உழைப்பில் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்க அமெரிக்காவில் ஒரு மசோதா வருகிறது என்று கேள்விப்பட்டதுமே ஆடைத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெளியேற்றின. அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடவில்லை. கல் உடைப்பது, தெருவில் பொருள் விற்பது என்று அதைவிட மோசமான வேலைகளில் பலர் இருந்ததை யுனிசெஃப் பிறகு பதிவு செய்தது. 1995-ல் தொழிற்சாலை உரிமையாளர் சங்கமும் ஐ.நா. அமைப்புகளும் ஒப்பந்தம் போட்டு, இடம் இருக்கும் பள்ளியையும் மாத உதவித்தொகையையும் ஏற்பாடு செய்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. வேலையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் எங்கே கொண்டுபோய் விடப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். மீட்பு நடவடிக்கையைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்றும் போட்டால் நன்றாக இருக்கும்.

குடும்பத்துக்கு நேரடியாகப் பணம் கொடுத்தால் பலன் இருக்குமா?

பெரும்பாலும் இருக்கிறது. மெக்சிகோ 1997-ல் தொடங்கிய திட்டம், பிள்ளை பள்ளிக்கு வந்தால் அம்மாவின் கையில் உதவித்தொகை என்ற முறையில் நடந்தது, பள்ளி வருகை கூடி வேலை குறைந்தது. பிரேசிலிலும் பல நாடுகளிலும் இதே மாதிரித் திட்டங்கள் நடந்தன.

தொகை எவ்வளவு என்பது முக்கியம். பிலிப்பைன்ஸில் இதே மாதிரித் திட்டத்தில் பள்ளிச் செலவுக்குத் தொகை போதவில்லை. பிள்ளைகள் பள்ளியிலும் சேர்ந்தார்கள், மீதிச் செலவுக்குக் கூலி வேலைக்கும் போனார்கள். மாதம் தவறாமல் வருவதும் முக்கியம். மூன்று மாதம் தாமதமாக வரும் உதவி அந்தக் கெட்ட மாதத்துக்கு எந்த உதவியும் செய்யாது.

சின்ன வயதில் உழைத்தால் பொறுப்பு வரும், நாங்களும் உழைத்துத்தானே முன்னுக்கு வந்தோம்?

உங்கள் உழைப்பை மதிக்கிறேன். உங்களோடு வேலை செய்த மற்ற பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தால் என்ன செய்வது?

வருகைப் பதிவேட்டை எடுத்து மாதவாரியாகப் பாருங்கள். உடம்பு சரியில்லாத பிள்ளை ஏதோ ஒரு நாள் வராது, வேலைக்குப் போகும் பிள்ளை குறிப்பிட்ட கிழமையிலோ பருவத்திலோ வராது. முதல் பாடவேளையில் தூங்குவது, கையில் வெட்டுக்காயமும் சாயமும், விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்துவிடுவது, பணத்தைப் பற்றி வயதுக்கு மீறித் தெரிந்திருப்பது, இவையும் அடையாளங்கள். எல்லார் முன்னாலும் விசாரிக்காதீர்கள். காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று பிள்ளை பயந்தால் நாளைக்கே வராது.

வீட்டுக்குப் போனால் குற்றம் சொல்லப் போவது போலப் போகாமல், "என்ன கஷ்டம் வந்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மருத்துவச் செலவோ ஒரு கடனோ வெளியே வரும். அதற்கு என்ன உதவித்திட்டம் இருக்கிறது, எந்தப் படிவம், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் அதுவே பெரிய உதவி. பிள்ளையைக் கொத்தடிமையாக வைத்திருக்கிறார்கள், அடிக்கிறார்கள், ஆபத்தான இடத்தில் வேலை வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் பேசிக்கொண்டிருக்காமல் உடனே குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லிவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு பிள்ளை திரும்பி வந்து வாசலில் நின்றால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, லீவு லெட்டர் எங்கே என்று ஆரம்பிக்காதீர்கள். உள்ளே வரச் சொல்லி, உட்கார வைத்து, விட்டுப்போன வகுத்தல் கணக்கை அன்றைக்கே சாயங்காலம் சொல்லிக் கொடுங்கள். அரை மணி நேரம் போதும்.